கசப்பைத் தாண்டி என்ன தெரிகிறது? அமெரிக்க கிராஃப்ட் பீரைச் சுவைத்து எழுதுவது பற்றி

கேள்வி: அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்களோடு அவ்வப்போது ப்ரூவரிகளுக்கு (கிராஃப்ட் பீரைச் சிறிய அளவில் வடித்து விற்கும் இடங்கள்) போகிறேன். ஒரு மடக்கு குடித்ததுமே அவர்கள் 'கிரேப்ஃப்ரூட், பைன், டேங்க் (dank)' என்று அடுக்குகிறார்கள், பீரை மதிப்பிடும் ஆப்பில் நட்சத்திரம் போடுகிறார்கள். எனக்குக் கசப்பு மட்டும்தான் தெரிகிறது. பீரை முறையாகச் சுவைத்து விமர்சனம் எழுதுவது எப்படி?

பதில்:

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் முதல் இரண்டு வருடம் கசப்பு மட்டும்தான் தெரிந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. உங்கள் நண்பர்கள் சொல்லும் வார்த்தைகள் அவர்கள் வளர்ந்த வீட்டுச் சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வருகின்றன. காலை உணவுக்குப் பாதி கிரேப்ஃப்ரூட்டைக் கரண்டியால் தோண்டித் தின்று வளர்ந்தவருக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். நமக்கு அந்தப் பழமே புதிது. ஆனால் அதன் தாய்ப்பழமான பம்பளிமாஸ் நமக்குத் தெரியும். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். அடுத்த முறை ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பும் மணமும் மிகுந்த பீர் வகை) குடிக்கும்போது பம்பளிமாஸ் தோலை உரிக்கையில் விரலில் ஒட்டும் எண்ணெயை நினைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள். கசப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தெரியும்.

சுவைக்கக் கற்றுக்கொள்வது என்றால் பெரும்பாலும் இதுதான்: உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனைகளை இந்தக் கிளாசில் அடையாளம் காண்பது. அப்புறம் அதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுவது.

அமெரிக்க பீருக்கு இந்தப் பழத்தோல் வாசனை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகும். 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு இங்கே சிறிய ப்ரூவரிகளை அழித்துவிட்டது. பிழைத்தவர்களும் ஒருவரை ஒருவர் விழுங்கி, 1970களின் இறுதியில் நாடு முழுக்க நூறுக்கும் குறைவான ப்ரூவரிகளே மிஞ்சின. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான இளமஞ்சள் லாகரைத்தான் (குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர்) வடித்தார்கள். அந்தச் சரிவின் நடுவே, 1965இல் ஃப்ரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர், மூடும் நிலையிலிருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியின் பெரும்பங்கை வாங்கினார். 1972இல் ஓரிகானில் அரசு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) ரகம் வெளிவந்தது. ஐரோப்பிய ஹாப்ஸில் மண்ணும் மூலிகையும் மணக்கும். இதில் பழத்தோலும் பூவும் மணத்தன. 1975இல் ஆங்கர் வடித்த லிபர்ட்டி ஏல் என்ற பீர் அந்த மணத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. மறுவருடம் ஜாக் மெக்காலிஃப் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சின்ன ப்ரூவரியைத் தொடங்கினார். அது சில வருடங்களிலேயே மூடப்பட்டது, ஆனால் அதைப் பார்த்துத் துணிந்தவர்கள் பலர். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டிலேயே பீர் வடிப்பதைக் கூட்டாட்சி அளவில் சட்டபூர்வமாக்கியது. இன்றைய ப்ரூவரிக்காரர்களில் பலர் வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்டவர்கள்தான். 1980இல் கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் கென் கிராஸ்மனும் பால் கமூசியும் சியரா நெவாடா என்ற தங்கள் ப்ரூவரியில் வடிக்கத் தொடங்கினார்கள். கேஸ்கேட் மணக்கும் அவர்களுடைய பேல் ஏல்தான் 'அமெரிக்கன் பேல் ஏல்' என்ற வகைக்கே அளவுகோல் ஆயிற்று. இன்று நாட்டில் 9,000க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள். அவற்றில் எதற்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது அந்த ஹாப்ஸ் வாசனையின் வாரிசுதான்.

சரி, கிளாசில் இருப்பது என்ன? பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வறுப்பதுதான் மால்ட். குழந்தைக்குக் கஞ்சி போடக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். கொஞ்சமாக வறுத்தால் ரொட்டி, பிஸ்கட். இன்னும் வறுத்தால் பாகு காய்ச்சும் மணம். கருக வறுத்தால் காப்பி, கசப்புச் சாக்லேட். தோசையின் ஓரம் முறுகும்போது நடக்கும் அதே வேதிவினைதான் மால்ட் சூளையிலும் நடக்கிறது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் விளையும் பச்சைப் பூ. அமெரிக்க ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாஷிங்டன் மாநிலத்தில், பெரும்பாலும் யாகிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு ஹாப்ஸ் சேர்க்கும் முறையை விளக்கவே வேண்டாம். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் காரமும் கசப்பும் இறங்கும், மணம் ஆவியாகிப் போய்விடும். மணம் வேண்டுமென்றால் இறக்கும்போது கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவோம் அல்லவா? ஹாப்ஸும் அப்படித்தான். கொதியின் தொடக்கத்தில் போட்டது கசப்பாகிறது, கடைசியில் போட்டது மணமாகிறது. பீர் ஆறி நொதிக்கும்போதோ, நொதித்து முடிந்த பிறகோ ஹாப்ஸை அப்படியே ஊறப்போடுவதை ட்ரை ஹாப் என்பார்கள். அதில் கசப்பு அதிகம் ஏறாது, மணம் அள்ளும். வெர்மான்ட் மாநிலத்தின் ஆல்கெமிஸ்ட் ப்ரூவரி ஹெடி டாப்பர் என்ற பீர் மூலம் பரப்பிய கலங்கலான ஐபிஏக்கள் இந்த முறையின் உச்சம். அதனால்தான் அவை ஐபிஏ என்ற பெயரில் இருந்தாலும் பழச்சாறு போல இருக்கின்றன. உங்களுக்குக் கசப்புதான் தடை என்றால் அங்கிருந்துகூடத் தொடங்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவிட வேண்டாம்.

சுவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, கேனைத் திருப்பி அடியில் அச்சிட்ட தேதியைப் படிப்பது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய ஐபிஏ ஒன்றைக் குடித்துவிட்டுக் கடுமையாக எழுதினேன். 'ஊறிய அட்டைப்பெட்டி, பழைய தேன், மங்கிய கசப்பு' என்று. எழுதி ஒரு வாரம் கழித்து அடுத்த கேனை எடுக்கும்போதுதான் தேதி கண்ணில் பட்டது. ஏழு மாதப் பழசு. அதுவும் குளிர்பெட்டியில் வைக்காமல் வெளி அலமாரியில் கிடந்தது. பின்னர் அதே பீரை வடித்த இடத்திலேயே, மூன்று வாரத்தில் குடித்தேன். எலுமிச்சை இலை கசக்கினாற்போல் அப்படி ஒரு வாசனை! நான் முதலில் எழுதியது அந்த பீரைப் பற்றியே அல்ல, கடைக்காரரின் அலமாரியைப் பற்றி. அந்த உழைப்பாளிகளுக்கு நான் செய்தது அநியாயம். அன்றிலிருந்து தேதி இல்லாமல் ஒரு குறிப்பும் எழுதுவதில்லை.

ஹாப்ஸ் மணம்தான் முதலில் சாகும். கலங்கல் ஐபிஏ என்றால் ஆறு வாரத்துக்குள், மற்ற ஐபிஏக்கள் மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. சாண்டா ரோசாவின் ரஷ்யன் ரிவர் ப்ரூவரி தனது பிளைனி தி எல்டர் பாட்டிலில், இதைச் சேர்த்து வைக்காதீர்கள், புதிதாகவே குடியுங்கள் என்று பாட்டில் முழுக்க மன்றாடியிருக்கும். சில கேன்களில் தேதிக்குப் பதில் மூன்று இலக்க எண் இருக்கும். அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். 045 என்றால் பிப்ரவரி 14. மாறாக, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கனமான ஸ்டவுட்டுகளும் (கருக வறுத்த மால்ட்டில் வடிக்கும் கறுப்பு பீர்) பார்லி வைன்களும் (ஒயின் அளவுக்கு ஆல்கஹால் ஏறிய பீர்) ஒன்றிரண்டு வருடம் தாங்கும். சில மெருகேறவும் செய்யும்.

அடுத்து கிளாஸ். பீரைக் கேனிலிருந்து அப்படியே குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஹெடி டாப்பர் கேனிலேயே 'கேனிலிருந்து குடியுங்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். அவர்கள் பீர், அவர்கள் விருப்பம். ஆனால் விமர்சனம் எழுதப் போகிறீர்கள் என்றால் பாதியையாவது கிளாசில் ஊற்றுங்கள். அடி அகன்று வாய் சற்றுக் குறுகிய கிளாஸ் நல்லது, வாசனை உள்ளேயே தங்கும். வீட்டில் ஒயின் கிளாஸ் இருந்தால் போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும். ஊற்றியதும் பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது என்று பொருள். நம் வீடுகளில் குழம்பு ஊற்றிய பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவிய கிளாஸில் இது அடிக்கடி நடக்கும். நுரையும் நிற்காது.

குளிர் அதிகமானால் வாசனை எழாது. பேல் ஏல், ஐபிஏ வகைகளுக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ், கனமான ஸ்டவுட்டுகளுக்கு 10 முதல் 13 டிகிரி பொருந்தும். தெர்மாமீட்டர் தேவையில்லை. ஐபிஏவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம், ஸ்டவுட்டை அரைமணி நேரம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். வீட்டில் தாளிப்பு முடிந்த கையோடு சுவைக்க உட்காராதீர்கள். கடுகு, பெருங்காயம், வெங்காயம் எல்லாம் காற்றில் இருக்கும்போது எந்த ஹாப்ஸும் மூக்குக்கு எட்டாது. ஊதுபத்தியும் அப்படியே. காரமான சாப்பாடு சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஊற்றியதும் முதலில் முகருங்கள். நிறம் எங்கும் போகாது, வாசனை போய்விடும். கிளாஸை மெதுவாகச் சுழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் ஒரு கணம் மூடித் திறந்து, நாய் மோப்பம் பிடிப்பது போல் இரண்டு மூன்று குட்டி மூச்சாக இழுங்கள். நீளமாக ஒரே மூச்சில் இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். முதல் மூச்சில் தோன்றியதை உடனே எழுதுங்கள், அது எவ்வளவு அபத்தமாகத் தெரிந்தாலும். 'பெரியப்பா வீட்டுக் கொல்லைப்புறம்' என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். அங்கே என்ன இருந்தது என்று பின்னர் யோசிக்கலாம்: கொய்யா மரமா, ஈர வைக்கோலா, எலுமிச்சைச் செடியா? மூக்கு மரத்துப் போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பீர் போட்டி நடுவர்களும் இதைச் செய்கிறார்கள்.

பிறகு ஒரு வாய். விழுங்கும் முன் நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான். 'மாம்பழம்', 'காப்பி', 'பைன்' என்பவை எல்லாம் தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனைகள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், கசப்பும் இனிப்பும் மட்டும் இருக்கும். விரலை எடுத்த கணத்தில் மீதியெல்லாம் வந்து சேரும். நண்பர்கள் அவசரமாக விழுங்கும் இடத்தில் நீங்கள் இந்த ஒரு மூச்சை மட்டும் கூடுதலாக விட்டால் போதும், வித்தியாசம் தெரியும்.

கசப்பைப் பற்றி எழுதும்போது நமக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். துவர்ப்புக்கு அன்றாடச் சொல் நம்மிடம் இருக்கிறது. இங்கே பலர் துவர்ப்பையும் கசப்பு என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. கசப்பு நாக்கில் தங்குகிற சுவை. துவர்ப்பு, வாழைப்பூவை நறுக்கிப் பச்சையாகக் கடித்தாற்போல் வாயை இழுத்து வறளச் செய்யும் உணர்வு. மால்ட்டை அதிகச் சூட்டில் அலசினாலோ, ஹாப்ஸ் இலைத்துகள் அதிகம் தங்கினாலோ துவர்ப்பு வரும். அது பெரும்பாலும் குறைதான். கசப்பு அந்த பீரின் முதுகெலும்பு. கசப்பிலும் ரகம் உண்டு: பாகற்காய் போல் கடைசிவரை நின்று பிடிப்பது, வேப்பம்பூ ரசம் போல் வந்து உடனே நாக்கைச் சுத்தமாக விட்டுப் போவது, நார்த்தங்காய்த் தோல் போல் மணத்தோடு சேர்ந்து வருவது. 'கசப்பாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கசப்பு, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதினாலே உங்கள் குறிப்பு தனித்து நிற்கும்.

இன்னொன்று, புதிதாக வடித்த சில கலங்கல் ஐபிஏக்கள் தொண்டையில் ஒரு எரிச்சல் தரும். ஆங்கிலத்தில் இதை 'ஹாப் எரிச்சல்' என்கிற பொருளில் சொல்வார்கள். நம் மொழியில் கமறல் என்ற ஒரே சொல் போதும். மிளகாய் வறுக்கும் நெடியில் தொண்டை கமறுமே, அதன் தம்பி. மிதக்கும் ஹாப்ஸ் துகள் காரணம். ஒன்றிரண்டு வாரம் நிற்கவைத்துக் குளிரவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

சொந்த வாசனை நினைவிலிருந்து எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு சம்பவம் காரணம். மெயின் மாநிலத்தின் போர்ட்லண்டில் ராப் டாட் 1995இல் தொடங்கிய அலகாஷ் ப்ரூவரியின் ஒயிட் என்ற கோதுமை பீரை வீட்டில் ஒருநாள் ஊற்றி வைத்து, 'பழம், மசாலா' என்று மட்டும் எழுதிவிட்டு விழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குடிப்பதில்லை. சமையலறையிலிருந்து வந்தவர் கிளாஸை எடுத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "பச்ச மல்லி விதைய நசுக்குன மாதிரி இருக்கே, இதுல போய் மல்லியா போடுறாங்க?" என்றார். போடத்தான் செய்கிறார்கள். பெல்ஜிய முறைப்படி கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வடிக்கும் பீர் அது. அந்த வார்த்தை என் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருந்தது, நான்தான் வெளியே தேடிக்கொண்டிருந்தேன். கொத்தமல்லி விதைக்கு மணம் தரும் லினலூல் என்ற எண்ணெய்ப்பொருள் பல ஹாப்ஸ் ரகங்களிலும் உண்டு. ஆகவே மல்லி சேர்க்காத பேல் ஏலில் உங்களுக்கு மல்லி வாசனை வந்தாலும் அது கற்பனை இல்லை, தைரியமாக எழுதுங்கள்.

இப்படி நிறையச் சொற்கள் நம்மிடம் காத்திருக்கின்றன. உங்கள் நண்பர்கள் 'பைன்' என்னும் இடத்தில் எனக்குக் குங்கிலியம் தெரியும். கொடைக்கானல் போனவர்களுக்கு அந்தப் பைன் காடே தெரியலாம். சிம்கோ என்ற ஹாப்ஸில் மாங்காய்க் காம்பை ஒடித்ததும் வடியும் பாலின் வாடை எனக்கு வரும். சிட்ரா, மொசைக் ரகங்களில் கனிந்த கொய்யா. சில அறுவடைகளில் மொசைக்கில் வெங்காயம்கூட எட்டிப் பார்க்கும். 'டேங்க்' என்பது கசக்கிய ஈரப் பச்சிலையின் கனத்த நெடி. கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்த ஒற்றுமை. இயற்கை ஈஸ்ட்டில் புளிக்கவைத்த பீர்களுக்கு இங்கே 'குதிரைப் போர்வை' என்று ஒரு வர்ணனை உண்டு. நம்மில் யார் குதிரைப் போர்வையை முகர்ந்திருக்கிறோம்? மாட்டுத்தொழுவத்தில் விடிகாலை வைக்கோல் வாசனை என்றால் புரிகிறது. அந்த வகையின் புளிப்பைச் சொல்ல, மாலையாகிப் புளித்த கள்ளை விடப் பொருத்தமான ஒப்பீடு எனக்குத் தெரியாது. அங்கும் காட்டு ஈஸ்ட்டும் புளிப்புப் பாக்டீரியாவும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

குறைகளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது, ஏனென்றால் அவை சிலவே. தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாசனை வந்தால் அது டயசெட்டில் என்ற நொதிப்புப் பொருள். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டிருக்கிறார்கள், அல்லது பாரில் குழாய் சுத்தமில்லை. வெந்த மக்காச்சோளமோ முட்டைக்கோஸோ வந்தால் கொதிக்கவைத்ததில் குறை. பச்சை ஆப்பிள் வந்தால் பீர் இன்னும் பிஞ்சு. நனைந்த அட்டை என்றால் பழசாகி ஆக்சிஜன் ஏறியது. இரவு நெடுஞ்சாலையில் போகும்போது ஸ்கங்க் (துர்நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) அடிபட்ட நாற்றம் காருக்குள் வந்திருக்கும். அது பீரில் வந்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டது. பச்சை, வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில்களில் இது சகஜம், பழுப்புப் பாட்டிலில் குறைவு, கேனில் வரவே வராது. இவற்றில் எது வந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் தவறு வடித்தவருடையதா, வைத்திருந்தவருடையதா என்று யோசியுங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 1985 முதல் இயங்கும் பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பான பிஜேசிபியின் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். புகைப்படத்துக்கு அழகாக இருப்பதற்காக நட்சத்திரம் போடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அந்தத் தாளின் முக்கியமான விதி, பீரை அதன் வகைக்குள் வைத்து எடைபோடுவது. நல்ல பில்ஸ்னரில் (ஒரு லாகர் வகை) மாம்பழம் இல்லை என்று குறை சொல்வது, இட்லியில் நெய் சொட்டவில்லை என்று குறை சொல்வது போல. ஆனால் நட்சத்திர ஆப்களின் உச்சிப் பட்டியலைப் பாருங்கள். கனமான இம்பீரியல் ஸ்டவுட்டும் கலங்கல் டபுள் ஐபிஏவுமாகவே நிரம்பியிருக்கும். அருமையாக வடித்த லாகர் அங்கே ஏறுவது அபூர்வம். லாகரில் குறையை மறைக்க இடமே கிடையாது. அதை ஒழுங்காக வடிப்பவரின் கைத்திறன் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெயரும் விலையும் முதலாளியும் கண்ணை மறைக்கும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட், போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் ஊறவைக்கும் ஸ்டவுட்டுக்கு வழிகாட்டிய ப்ரூவரி. போர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த மரத்திலிருந்துதான் வனிலாவும் தேங்காய் மணமும் வருகின்றன. 2011இல் அந்த ப்ரூவரியைப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. கிராஃப்ட் ப்ரூவராக இல்லாத மதுநிறுவனத்தின் பங்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கிராஃப்ட் அல்ல என்பது, சிறிய ப்ரூவரிகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் வரையறை. யாரிடம் பணம் போகிறது என்பது நியாயமான கேள்வி, நானும் சின்ன ப்ரூவரிகளுக்கே முதலில் போகிறேன். ஆனால் அதைக் குறிப்பில் தனி வரியாக எழுதுங்கள், வாசனை மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். முடிந்தால் வீட்டில் யாரையாவது மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாத நாளில் நான் மதிப்பெண் போடுவதில்லை.

அளவு: ஒரு பீருக்கு 100 மில்லி போதும், ஒரு அமர்வுக்கு நான்கு பீர் போதும். ஐந்தாவதில் எழுதியதை மறுநாள் படித்தால் எதற்கும் உதவாது. லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போங்கள், இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். ப்ரூவரியில் செய்தால் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். 8 சதவீத ஐபிஏ இனிப்பாக இறங்கும், கணக்கு தெரியாது.

உதாரணத்துக்கு என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு:

'சியரா நெவாடா பேல் ஏல், 5.6 சதவீதம். கேனில் அடைத்து ஐந்து வாரம். ஒயின் கிளாஸ், பத்து நிமிடம் வெளியே வைத்தது. செம்பு கலந்த பொன்னிறம், நுரை இரண்டு விரல் உயரம், கிளாஸில் வளையம் வளையமாக ஒட்டுகிறது. முகர்ந்ததும் பம்பளிமாஸ் தோல், பின்னால் கொஞ்சம் குங்கிலியம், ரொட்டிக் கடையில் சுட்ட பன்னின் அடிப்பக்கம். வாயில் முதலில் பிஸ்கட் இனிப்பு, உடனே கசப்பு எழுந்து அதை வெட்டுகிறது. வேப்பம்பூ ரசக் கசப்பு, பத்து எண்ணுவதற்குள் போய்விடுகிறது. துவர்ப்பு இல்லை. நடுத்தரக் கனம், குமிழ் கூர்மையாக இருக்கிறது. சூடேற ஏற மால்ட் முன்னுக்கு வருகிறது, ஹாப்ஸ் சற்று ஒதுங்குகிறது. ரொம்பச் சூடேறுவதற்குள் குடிப்பது நல்லது. வகைக்குள் வைத்தால் 50க்கு 42.'

இதில் ஒரு பெரிய வார்த்தையும் இல்லை. 'அற்புதம்', 'வேற லெவல்' என்று எழுதியிருந்தால் படிப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. இப்படி எழுதினால், பம்பளிமாஸ் பிடிக்காதவர் இதை வாங்காமல் தவிர்த்துவிடலாம். அதுவும் பயன்தான். இன்னொன்று, குறிப்புகளை உங்கள் சொந்த நோட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். கால் நூற்றாண்டாக விமர்சனம் சேர்ந்துகொண்டிருந்த ரேட்பீர் தளம் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது.

இந்தச் சனிக்கிழமைக்கு நான்கு கேன் வாங்குங்கள்: அலகாஷ் ஒயிட், சியரா நெவாடா பேல் ஏல், ஓரிகானின் டெஷூட்ஸ் ப்ரூவரியின் பிளாக் பியூட் போர்ட்டர் (கருமையான பீர்), மிச்சிகனின் பெல்ஸ் ப்ரூவரியின் டூ ஹார்ட்டட் ஐபிஏ. கடைசியது சென்டெனியல் என்ற ஒரே ஹாப்ஸ் ரகத்தில் வடித்தது, ஒரு ரகத்தின் முகத்தைத் தனியாகப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் 7 சதவீதம், கசப்பும் கூடுதல் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் நசுக்கிய மல்லி விதை, ஆரஞ்சுத் தோல், ஒரு துண்டு கருப்பட்டி, கொஞ்சம் காப்பிப் பொடி வைத்துக்கொண்டு மாறி மாறி முகருங்கள். போர்ட்டரில் உங்களுக்கு என்ன நினைவு வந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எனக்கு வந்ததை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன்.